குடும்பத்தோடு கோல்ஃப் பேக்கேஜ் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு கோல்ஃப் ஆட ஒரு பயணம் போகலாம் என்று, தங்குமிடமும் ஆட்டமும் சேர்த்து விற்கும் பேக்கேஜ்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் பேக்கேஜ் விற்ற ஏஜென்சிக்கு இரண்டு விஷயங்கள் முன்பே தெரியும். நாங்கள் போகும் வாரத்தில் கிரீன்கள் (குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிய புல்தரைகள்) எல்லாம் துளை போட்டு மணல் நிரப்பிய நிலையில் இருக்கும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் காலை நேரத்தில் மைதானத்தில் விடமாட்டார்கள். இரண்டையும் சொல்லாமல் முழுத்தொகையையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரத்துக்கு மைதானமே கட்டணத்தைக் குறைத்திருந்தது, அதையும் மறைத்தார்கள்.

எங்கள் வீட்டில் கோல்ஃப் வந்தது அப்பாவால். பணி ஓய்வுக்குப் பிறகு பழகினார், பிறகு என்னையும் இழுத்துவிட்டார். போட்டி, கோப்பை என்றெல்லாம் எதுவும் கிடையாது. வார இறுதியில் நடந்துகொண்டே பேசுவோம். நல்ல அடி ஒன்று விழுந்தால் இரவுச் சாப்பாடு வரை அந்தப் பேச்சுதான். 9 வயது மகள் தாத்தாவைப் பார்த்தே கற்றுக்கொண்டாள், இடக்கைப் பழக்கம் உள்ளவள். 6 வயது மகனுக்குப் பந்தைக் குழிக்குள் மெதுவாக உருட்டிவிடும் பட்டிங் மட்டும் கிடைத்தால் போதும். கணவர் ஆடமாட்டார், ஆனால் மைதானத்துக்குள் போகும் சிறு வண்டியான கார்ட்டை ஓட்டிக்கொண்டு கூடவே வருவார். எல்லோரும் ஒன்றாக வெளியில் இருக்கக் கிடைக்கிற விளையாட்டு இது ஒன்றுதான். அதனால்தான் தாத்தாவும் பேத்தியும் கிரீனில் நிற்கும் அந்த விளம்பரப் படம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

பணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் தெளிவாகவே கேட்டிருந்தேன். இந்த வயதுப் பிள்ளைகள் ஆடலாமா? சிறுவர்களுக்கான இடக்கை மட்டை செட் வாடகைக்குக் கிடைக்குமா? அப்பாவுக்கு முட்டிவலி, கார்ட் உண்டா? பதில் அன்றைக்கே வந்தது. "கவலையே வேண்டாம் மேடம், குடும்பங்களுக்கென்றே உள்ள இடம். எல்லா வயதினரும் ஆடலாம். செட் எல்லாம் அங்கேயே இருக்கிறது, நீங்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்." இந்த மின்னஞ்சலை நான் அழிக்காமல் வைத்திருந்ததுதான் பின்னால் கைகொடுத்தது.

முதல் நாள் காலையில் வரவேற்பு மேசையில் எங்கள் பெயர் இருந்தது, ஆனால் நேரம் வேறு. காலை டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) என்று உறுதி சொல்லியிருந்தார்கள்; பதிவில் மாலை 3 மணிக்கு மேல். நான்கு பேர் 18 குழிகளை முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இருட்டுவதற்குள் முடியாது. பல மைதானங்கள் இந்த மாலை நேரத்தைக் குறைந்த கட்டணத்துக்கே கொடுக்கின்றன. பிள்ளைகள் விஷயமும் அங்கேதான் தெரிந்தது. ஆட்டக்காரர்களை ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயிலிருந்து அனுப்பிவைக்கும் ஸ்டார்ட்டர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மாலையில் மட்டும், அதுவும் இடம் இருந்தால் அனுமதி. இந்த விதி பல வருடமாக இருக்கிறது. முகவர்களுக்கு அனுப்பும் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது என்றார். கையேட்டை எடுத்துக் காட்டவும் செய்தார். நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன்.

விதி வைத்திருப்பதில் எனக்குக் கோபம் இல்லை. வேகமாக ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், பிள்ளைகள் மேல் பந்து படாமல் இருக்க மைதானங்கள் இப்படி நேரம் பிரிப்பது உண்டு. பிள்ளைகளுக்கென்றே இடம் ஒதுக்கும் மைதானங்களும் உண்டு. கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், சிறுவர்களும் புதியவர்களும் ஆட பால்கோவ் என்ற 9 குழி மைதானம் தனியாக இருக்கிறது. அங்கேயே 1867-இல் தொடங்கிய மகளிர் பட்டிங் சங்கத்தின் மேடுபள்ளமான புல்தரைக்கு ‘இமாலயாஸ்’ என்றே பெயர்; குடும்பம் குடும்பமாக வந்து பட்டிங் ஆடுகிறார்கள். எங்களுக்குத் தேவையானது அப்படி ஓர் இடம். அதைக் கேட்டுத்தான் பணம் கொடுத்தோம்.

சரி, பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நாமாவது மாலையில் சில குழிகள் ஆடலாம் என்று அப்பாவும் நானும் கிளம்பினோம். முதல் கிரீனை எட்டியதும் அப்பா கார்ட்டிலிருந்து இறங்கி அப்படியே நின்றுவிட்டார். கிரீன் முழுக்க வரிசை வரிசையாகத் துளைகள். அதன் மேல் மணல். பந்தை எடுத்தால் மணல் ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்பா பட் செய்தார். பந்து இரண்டு அடி தூரம் நேராகப் போய், ஒரு துளையின் விளிம்பில் தட்டி, இடப்பக்கம் குதித்து, இன்னொரு துளையில் தட்டி நின்றது. குழிக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. மறுபடி அடித்தார், அதுவும் அப்படித்தான். மூன்றாவது முறை அவர் குனியவே இல்லை, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஆட்கள் நடக்க நடக்க, இயந்திரங்கள் ஓட ஓட கிரீனின் மண் இறுகிவிடும். காற்றும் நீரும் வேருக்கு இறங்காது. அதனால் மைதானங்கள் வருடத்துக்கு ஓரிரு முறை இயந்திரத்தால் மண்ணைத் துளைத்து எடுத்து, துளைகளில் மணல் நிரப்பும். இதை ஏரேஷன் என்பார்கள். செய்யாவிட்டால் புல் நலிந்துவிடும், ஆகவே கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. புல் நன்றாக வளரும் பருவமாக இருந்தால் பழைய வழவழப்பு திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை பட்டிங் என்பது பெயருக்குத்தான். 18 குழிகளுக்குப் பார், அதாவது நன்றாக ஆடுகிறவருக்கு ஆகும் அடிகளின் கணக்கு, 72 என்றால், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டிங்குக்கு என்றே கணக்கு. கிரீன் கெட்டிருந்தால் ஆட்டத்தில் பாதி போயிற்று. 45.93 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது என்று விதி உள்ள சிறு பந்து அது. மெதுவாக உருளும்போது ஒரு துளை விளிம்பு போதும், திசை மாறிவிடும்.

இந்த வேலைக்கு ஆள், இயந்திரம், மணல் எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், அதனால் தேதிகளை மாதக்கணக்கில் முன்பே குறித்துவிடுவார்கள். இங்கேயும் அப்படித்தான். பராமரிப்புப் பணியில் இருந்த ஒருவரிடம் அப்பா பேச்சுக் கொடுத்தபோது, வருடத் தொடக்கத்திலேயே தேதி போட்டு முகவர்களுக்கு அனுப்பிவிட்டோமே, அதற்காகத்தான் இந்த வாரம் கட்டணமும் குறைவு என்றார். திரும்பி வந்து வரவேற்பு மேசைக்குப் பக்கத்துப் பலகையைப் பார்த்தோம். குறைத்த கிரீன் ஃபீ, அதாவது ஆட்டக் கட்டணம், எழுதி ஒட்டியிருந்தது. எங்கள் ரசீதில் தலைக்கு இவ்வளவு என்று இருந்தது முழுக் கட்டணம். நாங்கள் பதிவு செய்தது அந்த அறிவிப்பு முகவர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. தெரியாமல் நடந்துவிட்டது என்று இதை எப்படி எடுத்துக்கொள்வது?

மகளுக்கு நேர்ந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. கடைசியில் ஒரு மாலை பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. வாடகை செட் எடுத்து வந்தார்கள், எல்லாம் வலக்கை மட்டைகள். சிறுவர் அளவுகூட இல்லை. பெரியவர்களின் மட்டையை வெட்டிக் குட்டையாக்கி, பிடியை மட்டும் புதிதாக மாட்டியிருந்தார்கள். டென்னிஸ் மட்டை என்றால் எந்தக் கையிலும் பிடிக்கலாம். கோல்ஃப் மட்டைக்கு, பட்டிங்குக்கான மட்டைகளான பட்டர்களில் சிலவற்றைத் தவிர, அடிக்கும் முகம் ஒரு பக்கம்தான். இடக்கைக்காரரால் வலக்கை மட்டையில் ஒன்றும் செய்ய முடியாது. மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நான் இன்னைக்குக் கொடி பிடிச்சுக்கிறேன்" என்றாள். இத்தனைக்கும் இடக்கை ஆட்டம் புதிதல்ல. நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ் 1963-லேயே இடக்கையால் ஆடி பிரிட்டனின் ஓபன் கோல்ஃப் போட்டியில் பட்டம் வென்றவர். எழுதிக் கேட்ட கேள்விக்கு ‘இருக்கிறது’ என்று பதில் போட்டவர், மைதானத்துக்கு ஒரு போன்கூடச் செய்து பார்க்கவில்லை.

ஏஜென்சியைக் கூப்பிட்டேன். முதலில் வானிலையைச் சொன்னார்கள். கிரீனில் துளை போட்டது மழையா என்று கேட்டதும், அது மைதானத்தின் முடிவு, நாங்கள் இடைத்தரகர் மட்டும்தான் என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டு யாரும் போனை வைத்துவிடாதீர்கள். தங்குமிடத்தையும் ஆட்டத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றவர் பொறுப்பிலிருந்து அவ்வளவு சுலபமாகக் கழன்றுகொள்ள முடியாத சட்டங்கள் பல இடங்களில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பேக்கேஜ் பயண விதிகளின்படி, சேவையை வேறொருவர் செய்தாலும் பேக்கேஜை ஏற்பாடு செய்து விற்ற நிறுவனமே பொறுப்பு. உங்கள் பயணத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அட்டையில் பணம் கட்டியிருந்தோம். திரும்பி வந்த உடனே வங்கியில் புகார் கொடுத்தேன்: சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு. விளம்பரத்தின் படம், அந்த மின்னஞ்சல், கையேட்டுப் பக்கம், கட்டணப் பலகை, துளை விழுந்த கிரீனில் பந்தை வைத்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்தேன். இதற்குக் காலக்கெடு உண்டு. பெரிய அட்டை நிறுவனங்களின் விதிகளில் பெரும்பாலும் 120 நாள், ஆனால் உங்கள் வங்கி எத்தனை நாளுக்குள் புகார் கேட்கிறது என்று உடனே விசாரியுங்கள். கோல்ஃபுக்கான தொகையில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அறைக்கான பணம் வரவில்லை. நடுவில் ஏஜென்சி, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றது. மறுத்துவிட்டோம். இப்படிக் கூப்பன் வந்தால் நீங்களும் ஏற்காதீர்கள். ஏற்றுக்கொண்டால் விவகாரம் தீர்ந்தது என்று வங்கியிடம் காட்டிவிடுவார்கள்.

இனி பதிவு செய்கிறவர்கள் விற்பவரிடம் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். மைதானத்தில் பதிவைக் கவனிக்கும் கடைக்கு நேராகவே போன் செய்யுங்கள். நாம் வரும் தேதிகளில் ஏரேஷன் உண்டா, வழக்கமான கிரீனுக்குப் பதில் தற்காலிக கிரீனா என்று கேளுங்கள். பருவம் மாறும்போது புது விதை தூவும் மைதானங்களில் கார்ட்டைப் பாதையை விட்டு இறக்கவே விடமாட்டார்கள். அப்பாவைப் போல முட்டிவலி உள்ளவர் பாதையிலிருந்து பந்து வரை போய்வரப் போய்வர ஓய்ந்துவிடுவார். பிள்ளைகளின் வயதைச் சொல்லி, எந்த நேரம், எத்தனை குழி, கார்ட்டில் உட்காரலாமா என்று கேளுங்கள். சில இடங்களில் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; திறன் குறைந்தால் எண் கூடும்) சான்றும் கேட்பார்கள். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் 54.0 வரை கொடுப்பதால், எங்களைப் போன்ற வாரக்கடைசி ஆட்டக்காரர்களும் வாங்கிவைத்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் பெயரில் டீ டைம் உண்மையிலேயே பதிவாகியிருக்கிறதா, எத்தனை மணிக்கு என்று அவர்கள் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

இடக்கைக்காரர்களும் பிள்ளைகளும் இருந்தால், செட் அங்கே இருக்கிறது என்று யார் சொன்னாலும் சொந்த மட்டைகளையே கொண்டுபோங்கள். தூரமாக அடிக்கும் பெரிய மட்டையான டிரைவரின் தலை கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள். விமானத்தில் ஏதாவது உடைந்தால், மாண்ட்ரீல் ஒப்பந்தம் பொருந்தும் சர்வதேசப் பயணங்களில் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்ததற்கு என்றால் 21 நாள்.

அந்த விளம்பரம் அதே படத்தோடு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகளின் வயது பற்றி ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. இதுபோன்ற பேக்கேஜுக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் மைதானத்தை இன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். ஏரேஷன் வாரமாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே தேதி மாற்றமோ கட்டணக் குறைப்போ வேண்டும் என்று ஏஜென்சிக்கு எழுத்தில் அனுப்புங்கள். மைதானத்தில் உங்களிடம் பேசியவர் என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.