ரிச்சர்ட் பெட்டியா, டேல் எர்ன்ஹார்ட்டா?

இருவரும் வட கரோலினாக்காரர்கள், பந்தயக் கார் ஓட்டிய தகப்பன்களின் பிள்ளைகள். அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் பட்டமும் ஆளுக்கு ஏழு. வெற்றிகளை எண்ணினால்தான் இடிக்கிறது: பெட்டி 200, எர்ன்ஹார்ட் 76.

200 என்றதும் மலைக்க வேண்டாம். 1972-க்கு முன் ஒரு பருவத்தில் 40-க்கும் மேற்பட்ட பந்தயங்கள் நடந்தன. பல, சின்ன ஊர்களின் மண் தடங்களில். முக்கிய ஓட்டுநர்கள் எல்லோரும் எல்லாவற்றுக்கும் வரவில்லை. பெட்டியின் வெற்றிகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தவை. அதற்காக 1967-ஐ ஒதுக்கிவிட முடியுமா? அந்த ஒரே ஆண்டில் 27 வெற்றி, அதில் தொடர்ச்சியாகப் பத்து! வேறு எவரும் நெருங்காத கணக்கு அது.

எர்ன்ஹார்ட் வந்தபோது பந்தயங்கள் 30 அளவுக்குச் சுருங்கி, போட்டி இறுகியிருந்தது. முன்னால் போகிறவரை இடித்துத் தள்ளி வழி எடுப்பார். கறுப்பு 3-ஆம் எண் கார் கண்ணாடியில் தெரிந்தாலே பலருக்குக் கை நடுங்கும். பெட்டியோ ரசிகர் கூட்டம் கலையும்வரை நின்று கையெழுத்துப் போடுபவர்.

நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500-ஐ பெட்டி ஏழு முறை வென்றார். எர்ன்ஹார்ட்டுக்கு அது இருபதாவது முயற்சியில், 1998-இல்தான் கிட்டியது. மூன்றே ஆண்டுகளில், அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி உயிரிழந்தார். கழுத்தைக் காக்கும் கருவி கட்டாயமானது அந்த 2001-இல்தான்.

சாதனைப் பட்டியலுக்கு பெட்டி. ஒரே ஒரு பந்தயம் பார்க்கக் கிடைத்தால், நான் எர்ன்ஹார்ட் பக்கம்.