ஆயிரம் ரூபாய் மாதப் பயண அட்டை: எவருக்குக் கட்டுப்படியாகும்?

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 1000 ரூபாய் மாதப் பயண அட்டையை வைத்துக்கொண்டு, வேளச்சேரியிலிருந்து பாரிமுனைக்கு இரண்டு பேருந்து மாறி வேலைக்குச் செல்லும் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

மாதத்தில் 25 வேலை நாட்கள் என்று கொண்டால், நாளொன்றுக்குப் போக வர 40 ரூபாய்க்கு மேல் செலவாகிறவருக்கே இந்த அட்டை ஆதாயம் தரும். சொகுசுப் பேருந்திலோ, ஒன்றுக்கு மேற்பட்ட பேருந்துகளிலோ பயணிக்கிறவர் அந்தத் தொகையை எளிதில் தாண்டிவிடுவார். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஒரே சாதாரணப் பேருந்து ஓடுமானால், பெரும்பாலும் அன்றன்று பயணச்சீட்டு எடுப்பதே சிக்கனம். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால், அவற்றை மட்டும் நம்பிச் செல்லும் பெண்களுக்கு இது தேவைப்படாது.

எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. காலை எட்டரை மணி நெரிசலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் சில்லறை தேடும் அவதி இப்போது இல்லை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அட்டையைச் சற்று உயர்த்தினால், நடத்துநர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிடுகிறார். வழியில் இறங்கி மருந்து வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறுவதற்கும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

குளிர்சாதனப் பேருந்துகளில் இது செல்லாது; அவற்றையும் சேர்த்த அட்டைக்கு 2000 ரூபாய் ஆகும். கோடையில் அந்த இடைவெளி உறுத்தத்தான் செய்கிறது.