சொவாஜா, டெர் டி ஹெர்மெஸா?

ஃப்ரெஷ்ஷாகவும் இருக்கணும், கொஞ்சம் காரமும் இருக்கணும் என்று பெர்ஃப்யூம் தேடுகிறவர்கள் பலர் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். டியோரின் சொவாஜ், ஹெர்மெஸின் டெர். இரண்டுக்கும் தம்பி தங்கைகள் நிறைய வந்துவிட்டன, நான் பேசுவது ஓ டி டாய்லெட் எனும் லேசான அடர்த்தி வகையைப் பற்றி மட்டும்.

சொவாஜ் 2015இல் வந்தது, செய்தவர் ஃபிரான்சுவா டெமாஷி. அடித்த கணமே பெர்கமாட்டும் (எலுமிச்சை இனத்துப் பழம்) மிளகும் சுள்ளென்று ஏறும், அது கொஞ்சம் அடங்கியதும் அடியிலிருந்து ஆம்ப்ராக்ஸன் தலைதூக்கும். திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் அம்பர்கிரிஸின் வாசனையை நினைவூட்டும் இந்தப் பொருள் லேசில் ஆவியாகாது. துவைக்கப் போட்ட சட்டையின் காலரை மறுநாள் முகர்ந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

டெர் 2006இல் வந்தது, ஜான்-குளோத் எலெனாவின் கைவண்ணம். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளினால் தெறிக்குமே ஒரு கசப்பு வாசம், அதில் தொடங்கி மிளகுக்குப் போய், அப்புறம் சிக்கிமுக்கிக் கல்லை உரசியது போல ஒரு வறட்சியில் வந்து, கடைசியில் வெட்டிவேரில் இறங்கும் (பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரையே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள்தான்). பேருக்கு 'மண்' என்று அர்த்தம், பொருத்தம்தான்.

வெயில் காலத்துக்கு சொவாஜ், குளிருக்கு டெர் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது தலைகீழ். சூட்டில் எல்லா வாசனையும் வேகமாகக் கிளம்பும், ஏற்கெனவே சத்தமாகப் பேசுகிற சொவாஜ் அப்போது கத்த ஆரம்பித்துவிடும். ஒரு தடவை எனக்கே வாசம் தெரியவில்லையே என்று ஐந்து தரம் அடித்துக்கொண்டு காரில் ஏறினேன், பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை இறக்கினார். என் மூக்குதான் பழகிப்போயிருந்தது, அவர் மூக்கு இல்லை. குளிரில் டெர் தோலோடு ஒட்டிச் சுருங்கிவிடும், சொவாஜ்தான் ஸ்வெட்டரையும் தாண்டி வெளியே வரும். ஆக, வெயிலுக்கு டெர், குளிருக்கு சொவாஜ். மழைக்கு எது என்றால், ஈரமண் வாசனையோடு சண்டை போடாதது டெர்.

ஆபீஸ், இன்டர்வியூ, நாலு சுவருக்குள் நடக்கும் மீட்டிங் எல்லாவற்றுக்கும் டெர் போதும், பக்கத்து நாற்காலி வரைக்கும்தான் எட்டும். திறந்தவெளியில் சாயங்கால விருந்து என்றால் யோசிக்காமல் சொவாஜ், ஆனால் அங்கே இன்னும் இரண்டு பேர் அதையே போட்டிருப்பார்கள், அதற்கும் தயாராகப் போகணும். டெர் வயசானவர்களுக்கானது என்று சிலர் ஒதுக்குவது பாதி சரி: இருபது வயதில் எனக்கும் பிடிக்கவில்லை.

கடையில் காகிதத் துண்டை முகர்ந்து முடிவு செய்தால் சொவாஜ்தான் ஜெயிக்கும், அதன் முதல் பத்து நிமிஷம் அப்படி. மணிக்கட்டுக்கு ஒன்றாக அடித்துக்கொண்டு, எதையும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். சாயங்காலத்துக்குள் எந்தக் கை தானாக மூக்கருகே போகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு இடது கை, டெர் அடித்த கை.