ஐஸ் பெட்டியில் போன ரத்தமும், மறுநாளே வந்த ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் யாருக்காவது டாக்டர் ‘கிரையோகுளோபுலின்’ என்று ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தால், ரத்தம் கொடுக்கப் போவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். எங்களுக்கு ஐந்து மாதம் போச்சு.

ஈரோட்டில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 61 வயது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். போன கார்த்திகையில் அவர் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் வந்தன. கொசுக்கடி என்று விட்டுவிட்டோம். ஆனால் விரலால் அழுத்தினாலும் மறையவில்லை, அரிக்கவும் இல்லை. ஒரு வாரத்தில் கறுத்து, பழுப்புத் தழும்பாக நின்றது. அது மங்குவதற்குள் அடுத்த கூட்டம். காலையில் பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி வெளுத்துப் பிறகு நீலம் பாரிக்கும். முட்டி வலி வேறு. “இட்லிக் குண்டானைத் தூக்க முடியலை அம்மிணி, கையில தெம்பே இல்லை” என்பார்.

தோல் டாக்டர் சில ரத்தப் பரிசோதனைகள் செய்தார். மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபேக்டர் எக்கச்சக்கம். நோய் எதிர்ப்பு வேலையில் இருக்கிற சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதம் அடிமட்டத்தில். இது இரண்டும் சேர்ந்தாற்போல் இருக்கிறதே என்று அவர்தான் கிரையோகுளோபுலின் எழுதினார். சரியான சந்தேகம். கூடவே ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸுக்கான டெஸ்ட்டையும் எழுதியிருக்கலாம், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் இந்தப் பதிவு அவரைப் பற்றியது இல்லை.

பேர் சொல்ல விரும்பாத ஒரு லேபுக்குப் போன் செய்தேன். ஹோம் கலெக்‌ஷன் உண்டு என்றார்கள். 3,400 ரூபாய், வீட்டுக்கு வர 150 தனி. “இதுக்கு ஸ்பெஷலா ஏதாச்சும் செய்யணுங்களா?” என்று கேட்டேன். “வெறும் வயித்துல இருந்தாப் போதும் மேடம்” என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் காலை ஒரு தம்பி வந்தான். பாவம், நல்ல பையன், அத்தைக்கு வலிக்காமல் எடுத்தான். ஊதா மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று. இரண்டையும் நீலப் பெட்டியில் ஐஸ் ஜெல் பாக்கெட்டுகளுக்கு நடுவில் செருகினான். “இன்னும் நாலு வீடு இருக்குதுங்க்கா” என்று பைக்கை எடுத்தான். ரத்தத்தைக் குளிர்ச்சியாக வைத்து எடுத்துப் போகிறார்களே, பொறுப்பானவர்கள் என்று நான் நினைத்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு என் மேல்தான் எரிச்சல் வருகிறது.

அடுத்த நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். கிரையோகுளோபுலின்: நெகட்டிவ்.

இந்த நோய் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும், வெயிலில் வைத்தால் உருகும் இல்லையா? சிலருடைய ரத்தத்தில் அதே மாதிரி ஒரு புரதம் இருக்கிறது, அதன் பேர்தான் கிரையோகுளோபுலின். உடம்புச் சூடான 37 டிகிரியில் கரைந்திருக்கும், சூடு குறைந்தால் திரண்டு கீழே படியும், திரும்பச் சூடாக்கினால் மறுபடியும் கரையும். அது சின்ன ரத்தக் குழாய்களில் போய்ப் படிந்து அழற்சி உண்டாக்கும்போதுதான் காலில் புள்ளி, மூட்டில் வலி, கடைசியில் சிறுநீரகம்.

இப்போது டெஸ்ட்டுக்கு வாருங்கள். எடுத்த ரத்தம் உறைந்து, சீரம் என்கிற தெளிநீர் தனியாகப் பிரிகிற வரைக்கும் 37 டிகிரியிலேயே இருந்தாக வேண்டும். அதற்கு முன்னால் குளிர்ந்தால் அந்தப் புரதம் ரத்தக் கட்டியோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். உறைந்த தேங்காய் எண்ணெயை வடிகட்டினால் வடிகட்டியில் எது நிற்கும்? எண்ணெயேதான். மேலே தெளிவாக நிற்கிற சீரத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று வரும். ஆக, ஐஸ் பெட்டியில் வைத்த அந்த நிமிஷமே 3,550 ரூபாயும் குப்பை.

அதோடு, பிரித்த சீரத்தை 4 டிகிரி குளிரில் வைத்துத் தினமும் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று நாள், பெரும்பாலும் ஏழு நாள். மறுநாளே எப்படி நெகட்டிவ் என்று எழுதினார்கள்?

டாக்டர் அந்தக் காகிதத்தை நம்பினார். நாங்களும் நம்பினோம். ஸ்டீராய்டு ஆரம்பித்தார். புள்ளிகள் அடங்கின, மாத்திரையைக் குறைத்ததும் திரும்பி வந்தன. சர்க்கரை ஏறியது, முகம் உப்பியது. சித்திரை பிறந்தபோது பாதம் வீங்கி, சிறுநீரில் நுரை நிற்க ஆரம்பித்தது. பரிசோதித்தால் புரதம் போகிறது.

அப்புறம்தான் கோவையில் ஒரு மூட்டுவாத நிபுணரிடம் போனோம். ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். “சாம்பிளை எப்படி எடுத்தாங்க?” அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஐஸ் பெட்டி என்றேன். ரத்தம் எடுத்த தேதியையும் ரிப்போர்ட் தேதியையும் மாறி மாறிப் பார்த்தார். “இதை எண்ணிக்கையில சேர்க்காதீங்க” என்று பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

இரண்டாவது முறை எடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு நேரில்தான் வரவேண்டும், அதுவும் காலையில்தான். நர்ஸ் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்கோடு வந்தார். உள்ளே வெந்நீர், அதில் ஒரு தெர்மாமீட்டர், தண்ணீருக்குள் சிவப்பு மூடிக் குழாய்கள். சிரிஞ்சையும் கதகதப்பாக்கி வைத்திருந்தார். எடுத்த கையோடு குழாயைத் திரும்பப் பிளாஸ்க்குக்குள் இறக்கி மூடி, மாடி லேபுக்கு அவரே நடந்து கொண்டுபோனார். “ரத்தத்துக்கு இத்தனை உபசாரமா?” என்றார் அத்தை.

மூன்றாம் நாள் லேப் டாக்டர் கூப்பிட்டுக் காட்டினார். மெல்லிய குழாயின் அடியில், கரையாத பால்பவுடர் மாதிரி வெள்ளையாக ஒரு படிவு. அதே மாதிரி இன்னொரு குழாயை வெந்நீரில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் படிவு கலங்கி, மெலிந்து, காணாமல் போனது. ஐந்து மாதம் இல்லை இல்லை என்று எங்களை அலைய விட்டது இதுதான்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கலப்பு வகை என்று தெரிந்தது, அந்த வகைக்குப் பெரும்பாலும் ஹெபடைடிஸ் சி வைரஸ்தான் காரணம். டெஸ்ட் செய்தால் பாசிட்டிவ். 1993-இல் கர்ப்பப்பை ஆபரேஷனில் அத்தைக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். தானம் கொடுக்கிற ரத்தத்தில் அந்த வைரஸைப் பார்ப்பது இந்தியாவில் கட்டாயமானது 2001-இல்தான். அரசு ஆஸ்பத்திரியில் தேசிய திட்டத்தின் கீழ் சோஃபோஸ்புவிர், வெல்பாடாஸ்விர் மாத்திரை 12 வாரத்துக்கு இலவசமாகக் கிடைத்தது. தொடங்குவதற்கு முன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இது முக்கியம். சிறுநீரகம் இன்னும் மோசமாகியிருந்தால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிடுக்ஸிமாப் ஊசி வரைக்கும் போயிருக்கும்.

லேபுக்குப் போய்ச் சண்டை போட்டேன். “நாங்க கலெக்‌ஷன் சென்டர் மட்டும்தான் மேடம்” என்றார் மேனேஜர். மெயின் லேபில் “வந்த சாம்பிளைத்தான் பண்ணினோம்” என்றார்கள். புது மாதிரி டெஸ்ட், எல்லாருக்கும் தெரியாது என்று ஒரு சமாதானம் வேறு. 1947-இலேயே பேர் வைத்த புரதம் இது. அதைவிட, அவர்களுடைய சொந்த டெஸ்ட் பட்டியலிலேயே ‘37 டிகிரியில் எடுக்கவும், ரிப்போர்ட் 7 நாளில்’ என்று போட்டிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முழு உடல் பரிசோதனைக்கு ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில், ரிப்போர்ட், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

இந்த டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் போனிலேயே கேட்டுவிடுங்கள்: குழாயை முன்கூட்டியே சூடாக்குவீர்களா, சீரம் பிரிக்கிற வரைக்கும் எதில் வைப்பீர்கள், எத்தனை நாள் பார்ப்பீர்கள். ‘நாளைக்கே ரிப்போர்ட்’ என்றால் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து எடுக்கிறோம் என்றாலும் வேண்டாம். ரிப்போர்ட் நெகட்டிவ், ஆனால் புள்ளிகள் நிற்கவில்லை, சி4 குறைவாகவே இருக்கிறது என்றால், சரியான லேபில் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்துப் பார்த்ததில் வைரஸ் இல்லை. ரத்தத்தில் கிரையோகுளோபுலின் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வைரஸ் போனபிறகும் சிலருக்கு அப்படி நிற்குமாம். குளிர் தொடங்கியதிலிருந்து அத்தை காலுறை போட்டுத்தான் வாசல் தெளிக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் கோவையில் டெஸ்ட். நேற்றே எங்கள் வீட்டுப் பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அங்கேயே இருக்குமே அத்தை என்றேன். “இருக்கட்டும் கண்ணு. நம்மளதும் ஒண்ணு கையில இருக்கட்டும்.”