நாசிக் ஒயின்: செனின் பிளாங்கா, ஷிராஸா?

நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள், கையைக் கடிக்காத ஒயின் வேண்டும் என்றால் நாசிக்கின் செனின் பிளாங்க் (வெள்ளை ஒயின்), ஷிராஸ் (சிவப்பு ஒயின்) இந்த இரண்டில் எதை எடுப்பது என்றுதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

விலை: பெரிய வித்தியாசமில்லை. 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும்.

சாப்பாடு: இங்கேதான் விஷயமே. செனினில் நல்ல புளிப்பு, பல பாட்டில்களில் லேசான இனிப்பும் உண்டு. மிளகாய் தடவிப் பொரித்த வஞ்சிரத்தோடு அருமையாகப் போகும். ஷிராஸின் துவர்ப்பு காரத்தை இன்னும் தூக்கிவிடும், நாக்கு எரியும். ஷிராஸுக்குக் காரம் குறைந்த ஆட்டுக்கறி வறுவல், சீஸ் சரி.

குளிர்ச்சி: செனினை நன்றாகக் குளிரவைக்க வேண்டும். நம் வெயிலில் ஷிராஸையும் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆல்கஹால் நெடி முந்திக்கொள்ளும்.

மீந்தால்: இரண்டையும் இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

மீன், காரம், முதன்முறை குடிப்பவர்கள் என்றால் செனின். கறி விருந்துக்கு ஷிராஸ். ஒரே பாட்டில்தான் என்றால் நான் செனினையே எடுப்பேன்.