சமர் காம்புக்கு காசு குடுக்க முதல் இத வாசிங்க

போன வருஷம் ஒரு சமர் காம்புக்கு காசு அனுப்பினன், போரால பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காம், பேர் வேணாம். அஞ்சு நாள் காம்ப். கடைசில வந்தது ஒரே கலர் டீசேர்ட் போட்ட பிள்ளைகள்ட குரூப் ஃபோட்டோவும் ஒரு தேங்க்ஸ் மெயிலும்தான், காம்ப் முடிஞ்சாப்பிறகு அதுகள யாரு பாக்கிற எண்டு ரெண்டு தரம் கேட்டும் பதில் இல்ல. ரெண்டு ஸ்டார், அதுவும் சாப்பாடு நல்லம் எண்டு கேள்விப்பட்டதால.

எனக்கு அளவுகோல் மட்டக்களப்பு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காதான். 1996ல, சண்டை நடக்கக்குள்ளயே, ஃபாதர் போல் சற்குணநாயகமும் கனடா ஆர்டிஸ்ட் போல் ஹோகனும் (ரெண்டு பேரும் போல்!) போரால பாதிக்கப்பட்ட புள்ளைகளுக்காகத் தொடங்கினது. தமிழ்ப் புள்ளைகளும் முஸ்லிம் புள்ளைகளும் ஒண்டா வருவாங்க, கிழமைக்கு ஒரு நாள், மாசக்கணக்கா. களிமண், பெயின்ட், கத, நாடகம். பேசாத புள்ள களிமண்ண உருட்டிக்கிட்டே இரிக்கட்டும், அவசரமில்ல, கத வாறப்ப வரும் எண்டதுதான் அங்கத்த வைத்தியம். அஞ்சு நாளில இது நடக்குமா சொல்லுங்க!

இந்த வருஷம் பஸ் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாம் பிரிச்சு எழுதித் தந்த ஒரு சின்ன குரூப்புக்கு குடுத்திரிக்கன், ஆகஸ்ட் லீவுக்குப் பிறகு வந்து எழுதுறன்.