மிஸ் ஃபிஷரும் அந்த இன்ஸ்பெக்டரும்

நைட் டியூட்டி முடிந்து வந்தால் எனக்கு உடனே தூக்கம் பிடிக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் 'மிஸ் ஃபிஷர்ஸ் மர்டர் மிஸ்டரீஸ்' தொடரைப் போட்டேன். நான் நர்ஸ். கதாநாயகி ஃப்ரைனி ஃபிஷர் முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தவள் என்று தெரிந்ததுமே எனக்கு வேண்டியவளாகிவிட்டாள்.

ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2012 முதல் 2015 வரை வந்தது. மூன்று சீசன், 34 எபிசோட். கதை நடப்பது 1920களின் இறுதியில், மெல்போர்னில். வறுமையில் வளர்ந்து, பிறகு பிரபுக் குடும்பப் பட்டமும் பணமும் வந்து சேர்ந்த ஃப்ரைனி, ஹிஸ்பானோ-சூயிசா காரும் கைத்துப்பாக்கியுமாகத் துப்பறிகிறாள். ஃப்ரைனியாக நடிக்கும் எஸ்ஸி டேவிஸ் வசனத்தைச் சிரித்த முகத்தோடு போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார். நமக்கு அரை நொடி கழித்துத்தான் சிரிப்பு வரும். ஃப்ரைனியிடம் வேலைக்கு வரும் டாட், டெலிபோனை எடுக்கவே பயந்த பெண். போகப்போக அவளே தடயம் தேடக் கிளம்புவது அவ்வளவு அழகு.

ஆனால் என்னை உட்காரவைத்தது போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாக் ராபின்சன்தான். நேதன் பேஜ் நடித்திருக்கிறார். மனைவியைப் பிரிந்து வாழ்கிறார், ஆனால் முதல் சீசனில் விவாகரத்து ஆகவில்லை. அதை மதித்து ஃப்ரைனியிடமிருந்து தள்ளி நிற்கிறார். ஒரு கஃபேயில், ஆபத்தான ஒருவன் கண்ணில் அவள் பட்டுவிடக் கூடாது என்று சட்டென்று முத்தமிடுகிறார்.

இரண்டாவது சீசனில் கார் பந்தயம் பற்றிய எபிசோட் ஒன்று. விபத்தில் ஒரு பெண் இறந்துபோகிறாள். அது ஃப்ரைனிதான் என்று ஜாக் நம்பிவிடுகிறார். இல்லை என்று தெரிந்த பிறகும் அவரால் பழையபடி இருக்க முடியவில்லை. இனி சேர்ந்து வேலை செய்ய வேண்டாம் என்கிறார். வார்டுக்கு வெளியே செய்திக்காகக் காத்திருப்பவர்களின் முகத்தை எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். அதே முகம். இவர்கள் காதல் இழுபடுவது எபிசோடை நீட்டுவதற்காக இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

தொடருக்கு மூலமான கெர்ரி கிரீன்வுட்டின் நாவல்களில் (முதல் நாவல் 1989) ஜாக் மனைவியோடு நிம்மதியாக வாழ்பவர். இந்தக் காதல் தொலைக்காட்சிக்காகவே எழுதப்பட்டது. நல்ல முடிவு.

குறை உண்டு. சில எபிசோடில் கொலையாளி பாதியிலேயே தெரிந்துவிடுகிறான். மூன்றாவது சீசன் எட்டே எபிசோட், அதிலும் ஃப்ரைனியின் அப்பா அதிக நேரத்தை எடுத்துக்கொள்கிறார். எனக்கு அவர்மேல் கோபமே வந்தது.

சரி, கடைசி எபிசோடில் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அவளே விமானம் ஓட்டக் கிளம்புகிறாள். ஜாக் காரில் வந்து இறங்குகிறார். அதற்குமேல் சொல்ல மாட்டேன். அன்று காலை நான் தூங்கவில்லை. முதல் எபிசோடை மறுபடி போட்டுவிட்டேன்.